தோம்னா என்பது அடுப்பு

1

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். குளித்து முழுகி, அண்ணாமலைக்கு நேராக நின்று, ராஜகோபுரம் சாட்சியாகச் செய்த சத்தியம். இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கமா, முற்றுப்புள்ளி உட்பட. கை கொஞ்சம் வெந்துவிட்டதால் சில இடங்களில் எழுத்து கோணலாக இருக்கும். அதை அச்சுக்கூடத்தில் நிமிர்த்திவிடுவார்கள். விஷயம் கோணாது.

கதை எங்கிருந்து கிடைத்தது என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெரிய எழுத்தாளர்கள் அதை மறைத்து வைத்திருந்து பேட்டியில் சொல்வார்கள். என்னைப் பேட்டி காண யாரும் வரப்போவதில்லை. ஆகவே இங்கேயே: இந்தக் கதை சுவர் வழியாக வந்தது. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெருவில் எனக்கும் தருமனுக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில், கொல்லை வரைக்கும், ஒரே சுவர். எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மாதத்தில் ஒருநாள் காலை, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தருமன் மனைவி சரசுவின் குரல் கேட்டது:

"அடுப்பு பேரச் சொல்லிகினு எந்த ஆம்பளையாவது தூக்கத்துல சிரிப்பானாய்யா?"

நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு கேள்வி காதில் விழுந்தபின் வாயைக் கொப்பளித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்க மனுஷனால் முடியுமா? கொப்பளிக்காமலே நின்றேன்.

(சரசு புருஷனை எப்போதும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவாள். 'ய்யா' வந்துவிட்டால் தாய்வீட்டுக்குக் கிளம்பப் போகிறாள் என்று அர்த்தம். அன்றைக்கே கிளம்பினாள். தாய்வீடு மலை சுற்றும் பாதையில் அடி அண்ணாமலை.)

2

தருமனைப் பற்றி வாசகருக்குச் சொல்லவேண்டியது கொஞ்சம்தான். அரசாங்கக் கம்பெனி ஒன்றில் பிட்டர். கல்யாணமான சூட்டோடு அவனைப் பயிற்சிக்கு என்று ருஷ்யாவுக்கு அனுப்பினார்கள். இரண்டு வருஷம் அங்கே இருந்துவிட்டு, உடம்பில் ஒரு சுற்று பெருத்து, மூக்கில் ஒரு சுற்று சிவந்து திரும்பி வந்தான்.

ஆகவே கதை ருஷ்யாவில் தொடங்கவேண்டும். அங்கே ஒரு பெரிய ஊர். அந்த ஊருக்குள் ஒரு ஆறு. ஆற்றங்கரையில் ஆலைகள் மட்டுமே உள்ள ஒரு பேட்டை. நான் செங்கத்தைத் தாண்டி மேற்கே போனதில்லை. இருந்தாலும் எழுதிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "அகன்ற ஆறு ஒன்றில் தண்ணீர் கரைபுரண்டு—"

நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த ஆறுகள் செய்யாறும் தென்பெண்ணையும். ஆறு என்றால் மணல். மழைக்காலத்தில் ஈரமணல். தண்ணீர் உள்ள ஆற்றை வர்ணித்து எனக்குப் பழக்கமில்லை. சத்தியம் வேறு செய்திருக்கிறேன்.

இரண்டாம் தொடக்கம்: "குளிர்காலத்தில் அந்த ஆறு கல்லாய் உறைந்துவிடும். அதன்மேல் லாரி போகும்."

இது தருமன் சொன்னது. வந்த புதிதில் டீக்கடையில் இதைச் சொல்லிவிட்டு, எல்லோரும் வாயைப் பிளப்பார்கள் என்று காத்திருந்தான். ஒருவரும் பிளக்கவில்லை. "நம்ம ஆத்துல வருஷம் பூராவும்தான் லாரி போவுது. மணல் அள்ள," என்றார் ஒருவர். தருமன் ஆறின டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டான். கேட்டவர்களையே அசைக்காத வரியை வைத்து வாசகரை எப்படி இழுப்பது? அடித்துவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: "புகைபோக்கிகள் வானத்தை நோக்கி—" வேண்டாம். புகைபோக்கி வேறு எதை நோக்கும்?

கடைசியில் தருமன் வாயாலேயே வரட்டும் என்று விட்டுவிட்டேன். அவன் சொன்னபடி அந்த இடத்தின் பெயருக்கு 'ஆற்றுக்கு அந்தப் பக்கம்' என்று பொருள். ருஷ்யப் பெயரை அவன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகச் சொன்னதால், நாம் அக்கரைப்பேட்டை என்றே வைத்துக்கொள்வோம்.

ஊரிலிருந்து டிராம் வண்டி பாலத்தைக் கடந்து அங்கே இறங்கும். ஆலைகள் வரிசையாக ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு சங்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். தன் புருஷன் ஆலைச் சங்கு எது என்று பெண்களுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். எழுந்து சூப்பைச் சூடு பண்ணுவார்கள். பனி வானத்திலிருந்து வெள்ளையாகத்தான் கிளம்பும். பாதி வழியில் புகையைச் சந்தித்து, தரைக்கு வரும்போது நம் திருநீறு நிறத்தில் இருக்கும். தருமன் முதல் நாள் அதைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டானாம். உருகி மூக்கில் வழிந்ததாம்.

உறைந்த ஆற்றில் ஓட்டை போட்டு, பக்கத்தில் கிழவர்கள் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கையில் தூண்டில். மீன் வராது. பேச்சும் கிடையாது. இருட்டினால் எழுந்து போவார்கள். "நம்ம ஆசிரமத்துப் பக்கம் வர்ற வெள்ளைக்காரங்க மாதிரியே," என்றான் தருமன். "தூண்டில்தான் ஜாஸ்தி."

இந்த இடத்தில் நான் அவனை நம்ப ஆரம்பித்தேன். மீன் கிடைத்தது என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

3

இனி தோம்னா.

ஊருக்குத் திரும்பிய தருமனிடம் ஒரு கோளாறு இருந்தது. உடம்பில் அல்ல, திணையில். ருஷ்ய மொழியில் நாற்காலி ஆண். ஆறு பெண். ஜன்னல் மட்டும் இரண்டும் இல்லை. இரண்டு வருஷம் அப்படியே பேசிப் பேசி, நம் ஆளுக்கு அஃறிணை கழன்று விழுந்துவிட்டது. பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு, "வேலூரான் வந்துட்டானா?" என்று பஸ்ஸைக் கேட்டான். அடுப்பில் டீ பொங்கினால், "சரசு, அவன எறக்கு, கொதிக்கறான்," என்று கத்தினான். சரசு அதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். கிணற்றடியில் போய் மற்றப் பெண்களிடம் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தாள். அந்த ஒரு மாதம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

பிறகு ஒருநாள் அவன் தூக்கத்தில் "தோம்னா" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அது யார் என்று சரசு கேட்கவில்லை. அடுத்த நாளும் சொன்னான். அதற்கடுத்த நாளும். ஐப்பசியில் ஒருநாள் காலை இட்லியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"தோம்னா யாருங்க?"

"அவளா?" என்றான் தருமன், சட்னியைத் தொட்டுக்கொண்டே. "அவ ஒரு அடுப்பு."

யோசித்துப் பாருங்கள். 'அது ஒரு அடுப்பு' என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நானும் வாயைக் கொப்பளித்திருப்பேன். ஒரு எழுத்து. உயர்திணையாகப் போய்விட்டது.

"அவ," என்றாள் சரசு.

"அது. அது சரசு. இரும்பு உருக்கற பெரிய உலை. அங்க அடுப்புகூட பொம்பளதான். அதனால வாய் தவறிடுச்சு."

"அடுப்பு பேரச் சொல்லிகினு எந்த ஆம்பளையாவது..." மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னாள்: "அக்கரையில இருந்தீங்களே, அந்த ரெண்டு வருசமும் நான் ஒரு பொழுது இந்த வீட்டப் பூட்டினதில்ல. இப்ப பூட்டிக்குங்க."

(இங்கே ஒரு சந்தேகம். சரசு என்ற பாத்திரம் நம்பும்படி இருக்கிறதா? கதைகளில் இப்படிப்பட்ட பெண் அழவேண்டும். இவள் அழவில்லை. அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்து, அப்பா நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கினாள், நன்றாகச் சாப்பிட்டாள். கொஞ்சம் அழவைத்துப் பார்த்தேன். "சரசுவின் கண்களில்—" என்று எழுதும்போதே அவள் நிமிர்ந்து பார்த்த மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.)

தருமன்தான் உருகினான். உண்மையாகவே உருகினான், பெருத்த சுற்று குறைந்தது. அவனுக்குச் சோறு பொங்கத் தெரியாது என்பதல்ல விஷயம். டீயை 'அவன்' என்று சொன்னால் சிரிக்க வீட்டில் ஆள் இல்லை. அதுதான் விஷயம்.

4

பஞ்சாயத்து அடி அண்ணாமலையில், சரசுவின் அப்பா ராஜமாணிக்கத்தின் பம்பு செட்டுக்குப் பக்கத்தில் நடந்தது. நானும் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் தருமன் கூப்பிட்டான் என்று எழுதலாம். கூப்பிடவில்லை. வண்டியில் இடம் இருந்தது.

ராஜமாணிக்கம் துண்டை உதறித் தோளில் போட்டார். "மாப்ள, சுத்தி வளைக்க வேணாம். யாரு அந்தத் தோம்னா?"

"மாமா, இரும்பு உருக்கற உலை மாமா. கோபுரம் ஒசரம் இருப்பா."

"இருப்பா."

"இருக்கும்! இருக்கும் மாமா."

சரசுவின் அம்மா காசியம்மாள் குறுக்கே வந்தாள். "ஒசரமா? ஓகோ! எம் பொண்ணு குள்ளம்னு அங்க போய்தான் தெரிஞ்சிதா ஒனக்கு?"

"அத்த, நான் அப்டிச் சொல்லல. மூணு ஷிப்டும் அவளுக்குத் தீனி போட்டுகினே இருக்கணும். அதுக்கு. கொஞ்சம் கம்மியானாக்கூட மொறைப்பா. மொறைக்கும்."

"உன் வேல இன்னா அங்க?" என்றார் ராஜமாணிக்கம்.

"கூடவே நிக்கறது மாமா. சூடு ஏறுதா எறங்குதான்னு பாத்துகினே."

காசியம்மாள் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் ஒரு காதைத்தான். சரசு தூரத்தில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

தருமனுக்கு வியர்த்தது. ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் தீர்த்துவிடவேண்டும் என்று நினைத்தான். பாவம், நல்ல எண்ணம்தான். எழுந்து நின்று, மலையைப் பார்த்துக் கையை நீட்டிச் சொன்னான்:

"அண்ணாமலையார் சத்தியமா, அவள நான் ஒரு நாளும் அணைச்சதில்ல!"

பம்பு செட்டுத் தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

"அணைக்கவே கூடாது மாமா. அங்க சட்டமே அதான். அவள அணைச்சா பேட்டையே நின்னு போயிடும்."

ராஜமாணிக்கம் கொஞ்சம் யோசித்தார். "அப்ப யாருமே..."

"பெரிய இன்ஜினீரு மட்டும் அணைப்பாரு. ரிப்பேரு வந்தா."

காசியம்மாள் மற்றக் காதையும் பொத்தினாள்.

(அணைத்தல்: ஒன்று, தீயை அவித்தல். இரண்டு, தழுவிக்கொள்ளுதல். இந்த இரண்டு வேலைக்கும் ஒரே சொல்லை வைத்தவர் யாரோ, அவர் நிச்சயம் பிட்டர் இல்லை. கல்யாணமானவராக இருக்கலாம்.)

"ருஷ்ய பாஷ தெரிஞ்ச ஆள் ஒருத்தர இட்டுகினு வா," என்று தீர்ப்பானது. "அவங்க சொல்லட்டும், அடுப்பா பொம்பளையான்னு."

5

ஆசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கா பஞ்சம்? தருமன் வாடகை அறைகளைத் தேடிப் போனான். முதலில் சிக்கியவர் ஜெர்மன்காரர். அடுத்தவர் ஆஸ்திரேலியா. மூன்றாமவர் தான் யார் என்பதைத்தான் இங்கே விசாரித்துக்கொண்டிருப்பதாகவும், முடிந்ததும் சொல்வதாகவும் சொன்னார்.

கடைசியில் வேதாம்மா கிடைத்தாள். நிஜப் பெயர் வேரா. அப்பா அம்மா ருஷ்யாவை விட்டு ஓடி வந்தவர்கள்; இவள் பிறந்தது பாரிசில். ருஷ்யாவைக் கண்ணால் பார்த்ததில்லை, பாஷை மட்டும் சுத்தமாகத் தெரியும். தெருவில் யாருக்கும் வேரா வாயில் நிற்காமல் வேதாவாக்கிவிட்டார்கள். தமிழும் நன்றாகப் புரியும். சமாதானமான முகம், வெள்ளைச் சேலை, நடுநிலை. இதைவிட நல்ல சாட்சி யாருக்கு அமையும்?

ஒரே ஒரு சிக்கல். அவள் மௌன விரதத்தில் இருந்தாள்.

"எப்ப பேசுவீங்க?" என்று தருமன் கேட்டான். அவள் புன்னகை செய்தாள். வருவாளா என்று கேட்டான். தலையசைத்தாள். அதுவே போதும் என்று வண்டியில் ஏற்றிவிட்டான்.

(இந்த இடத்தில் வேதாம்மாவின் விரதத்தைக் கலைத்துப் பேச வைக்கலாமா என்று பார்த்தேன். ஒரு வரி பேசினால் கதை சட்டென்று முடிந்துவிடும். அப்புறம் நீங்கள் எதற்கு?)

மறுபடியும் பம்பு செட். ராஜமாணிக்கம் எழுந்து நின்று கும்பிட்டார். காசியம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சரசு இந்த முறை கிட்டே வந்து நின்றாள், கையில் மல்லாட்டைக் கொடியோடு.

"அம்மா, தோம்னான்னா இன்னாம்மா?"

வேதாம்மா மோரைக் கீழே வைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி, காற்றில் ஒரு உருவம் வரைய ஆரம்பித்தாள்.

இப்போது வாசகருக்கு ஒரு தொழில்நுட்ப விளக்கம் தேவைப்படுகிறது. இரும்பு உருக்கும் உலை எப்படி இருக்கும் என்றால், மேலே கழுத்து மாதிரிக் குறுகலாக இருக்கும். அங்கிருந்து கீழே வரவர அகலும். நடுவில் நல்ல அகலம். அதற்குக் கீழே மறுபடி ஒடுங்கும். அந்த நடுப்பகுதிக்கு வயிறு என்றே பெயர். இதைத்தான் வேதாம்மா இரண்டு கைகளாலும், மெதுவாக, வளைத்து வளைத்து, மிக அழகாக வரைந்தாள்.

வரப்பில் நின்றிருந்த ஆண்கள் எல்லாம் ஒரு அடி முன்னால் வந்தார்கள்.

"ஐயோ ஐயோ," என்றாள் காசியம்மாள்.

"அதான்! அதான் அவ!" என்று தருமன் குதித்தான். "அப்டியேதான் இருப்பா!"

சரசு மல்லாட்டைக் கொடியைக் கீழே போட்டாள்.

ராஜமாணிக்கம் கையமர்த்தினார். விவசாயி, ஒன்றை இரண்டு முறை உழாமல் விதைக்கமாட்டார். வேதாம்மா முன்னால் வந்து நிதானமாகக் கேட்டார்: "அம்மா, வரைஞ்சது போதும். ஒண்ணே ஒண்ணு. தோம்னாங்கறது பொம்பளையா, அடுப்பா?"

வேதாம்மா நெடுநேரம் அவரைப் பார்த்தாள். பிறகு இரண்டு விரல்களைக் காட்டினாள்.

"ரெண்டாவது! அடுப்பு!" என்றான் தருமன்.

"ரெண்டும்," என்றாள் சரசு.

"ரெண்டு பொம்பளையா!" என்றாள் காசியம்மாள்.

வேதாம்மா மோரை எடுத்துக் குடித்தாள். அவளைத் திரும்ப ஆசிரமத்தில் கொண்டுபோய் விடுகிறவரை வழியெல்லாம் தருமன் "ரெண்டாவதுதானேம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். அவள் முகத்தில் இருந்த அமைதியைப் பார்த்தபோது, மௌனத்தால் மனுஷருக்கு எவ்வளவு நன்மை என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

பம்பு செட்டிலிருந்து நாங்கள் கிளம்புமுன் ராஜமாணிக்கம் சொன்ன கடைசித் தீர்ப்பு இது: "மாப்ள, தீபம் வரைக்கும் டயம். அதுக்குள்ள என் பொண்ணு அது அடுப்புன்னு ஒத்துகினா இஸ்துகினு போ. இல்லன்னா அந்த அடுப்பையே இட்டாந்து குடும்பம் நடத்து."

6

கார்த்திகை தீபத்தன்று ஊர் எப்படி இருக்கும் என்று எழுத வேண்டியதில்லை. எழுதினால் பத்திரிகைக்காரர்கள் வருஷாவருஷம் எழுதுகிறதையே நானும் எழுதவேண்டும். கூட்டம். மிச்சத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

தருமன் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து அடி அண்ணாமலை வந்து சேர்ந்தான். பொழுது சாயும் நேரம். ராஜமாணிக்கத்தின் களத்தில் சரசு தனியாக நின்று மலையுச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவர்கள் பாதை ஓரத்தில் பானகம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தருமன் கொஞ்சம் தள்ளி நின்றான். அவள் திரும்பவில்லை. அவன் வந்தது அவளுக்குத் தெரியும்.

(நான் அங்கே வைக்கோல் போருக்குப் பின்னால் இருந்தேன். மலை அங்கிருந்து நன்றாகத் தெரியும்.)

உச்சியில் தீபம் ஏறியது. நாலா பக்கமும் "அரோகரா" என்று எழுந்த சத்தத்தில் வைக்கோல்கூட நடுங்கியது. சரசு கைகளைக் குவித்தாள். தருமன் கும்பிட மறந்து, வாயைத் திறந்தபடி மேலே பார்த்துச் சொன்னான்:

"தோம்னா..."

சரசு மெதுவாகத் திரும்பினாள். அந்தப் பார்வையை எழுத முயன்று மூன்று வரி அடித்துவிட்டேன்.

"இன்னிக்குமாய்யா? சாமி முன்னாடியுமா?"

"இல்ல சரசு, கேளு. இதே மாதிரிதான். அக்கரைப்பேட்டையில ஆத்தோரமா ஒரு மலை. மண்ணு மலை இல்ல. அந்த உலையில இரும்பு போக மிஞ்சற கசடு. கொழம்பா, நெருப்பா இருக்கும். அத வண்டியில ஏத்தி, மலை உச்சிக்குக் கொண்டுபோயி, பொழுது சாஞ்சதும் கவுப்பாங்க. உச்சியில பத்திகினு எரியும். ஆறு முழுக்கச் செவந்து போயிடும். ஜனங்க ஜன்னலத் தெறந்து பாப்பாங்க. தெனமும் தீபம் சரசு அங்க."

இந்த முறை அவளிடமிருந்து 'ய்யா' வரவில்லை. அவன் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனான்.

"போன மொத நாளு அதப் பாத்தனா, என்னயும் அறியாம கைய தூக்கி அரோகரான்னு கத்திட்டேன். எங்க போர்மேன், இவ்ளோ பெரிய மீசை வெச்சவன், அது இன்னாவோ அபாயச் சத்தம்னு நெனச்சிட்டான். எல்லாரையும் இஸ்துகினு ஆத்துப் பக்கம் ஓட ஆரம்பிச்சிட்டான். முந்நூறு பேரு ஓடறாங்க. நான் நிறுத்தறதுக்காவ பின்னாடியே ஓடறேன். நான் ஓடறதப் பாத்து இன்னும் வேகமா ஓடறாங்க. அதுலருந்து அந்தப் பேட்டையில ஏதாச்சும் கழண்டு உழுந்தா அரோகரான்னுதான் கத்தறாங்க. போர்டுலகூட எழுதிட்டாங்க."

சரசுவின் உதடு லேசாக அசைந்தது. அடக்கிக்கொண்டாள்.

"தூக்கத்துல சிரிச்சது?"

"அதான் கனவு. அந்த மீசக்காரன் அரோகரான்னு ஓடறான். எப்டி சரசு சிரிக்காம இருக்கறது?"

அவள் மறுபடி மலையைப் பார்த்தாள். நல்ல வக்கீலுக்கு இருக்கவேண்டிய நிதானம் அவளிடம் இருந்தது.

"மலைன்னீங்களே. சுத்தினீங்களா?"

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி. ஆனா மலையோட ஒரு கால் ஆத்துக்குள்ள. வெய்ய காலத்துல முழுசா சுத்த வழியில்ல. ஆறு ஒறையணும். ஒறைஞ்சப்புறம் பனிக்கட்டி மேல நடந்து சுத்துவேன். தூண்டில் கெழவனுங்க எழுந்து வழி உடுவாங்க."

"எந்தக் கைப்பக்கம் மலைய வெச்சி சுத்தினீங்க?"

"சோத்தாங்கைப் பக்கம்."

சரியான பதில். பொய் சொல்கிறவன் இங்கே தடுமாறியிருப்பான். வைக்கோலுக்குப் பின்னால் நானே என் சோற்றுக் கை எது என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

"இன்னா வேண்டிகினீங்க?"

தருமன் தரையைப் பார்த்தான். "பனியில காலு வழுக்கிக்கினே இருக்கும். உழாம போய்ச் சேரணும்னுதான் மொதல்ல வேண்டிகினேன். அப்புறம், நீ வீட்டப் பூட்டாம இருக்கணும்னு."

சரசு அவன் கால்களைப் பார்த்து, "உழுந்தீங்களா?" என்றாள்.

"பத்து தபா."

அவள் சிரித்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு மாதம் கேட்ட அதே சிரிப்பு.

7

இப்போது முடிக்கவேண்டும். மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

முதல் முடிவு: சரசு பெற்றவர்களிடம் சொல்லிக்கொண்டு அன்றைக்கே கிளம்புகிறாள். இருவரும் மலை சுற்றும் கூட்டத்தோடு ஊர் வந்து சேருகிறார்கள். மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம், "அவன எறக்கு, கொதிக்கறான்" கேட்கிறது. இது சுபம். பத்திரிகையில் போடுவார்கள்.

இரண்டாம் முடிவு: சரசு வருகிறாள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. "பொண்ணு பொறந்தா தோம்னான்னுதான் பேரு வெப்பேன். தெனம் நூறு தரம் கூப்புடுவேன். அப்ப உங்க மூஞ்சி எப்டிப் போவுதுன்னு பாக்கறேன்." எனக்குப் பிடித்த முடிவு இதுதான். தருமனுக்குப் பிடிக்கவில்லை. 'இத எடுத்துடுங்கண்ணே' என்று கொல்லைச் சுவருக்கு மேலே தலையை நீட்டி என்னிடம் சொன்னான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் முடிவு: சரசு சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கதை நல்லாத்தான் இருக்குது. யோசிச்சி சொல்றேன்" என்று உள்ளே போய்விடுகிறாள். தருமன் மாதாமாதம் பௌர்ணமிக்கு மலை சுற்றி, அந்தக் களத்துக்கு நேரே வரும்போது நடையைக் குறைக்கிறான். இதை எழுதும்போது எனக்கே மனசு கஷ்டமாக இருந்தது. அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். உண்மையை எழுதுவேன் என்றுதான் சூடம் அணைத்தேன். தெரிந்ததை எல்லாம் எழுதுவேன் என்று அணைக்கவில்லை.

தீர்ப்பு உங்களுடையது. சரசு களத்தில்தான் நிற்கிறாள். மேலே தீபம் எரிகிறது. தருமன் நகத்தைக் கடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனோடு போகலாமா வேண்டாமா என்று அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்வதற்கு முன்னால் தெரிந்துகொள்ளவேண்டிய தகவல் ஒன்றே ஒன்றுதான்.

அக்கரைப்பேட்டையில் தருமன் வேலை பார்த்தது ரப்பர் பூட்ஸ் செய்கிற ஆலையில்.